ஆர் மென்பொருள் எங்கிருந்து வந்தது, ஏன் இப்படி நடந்துகொள்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆய்வேடு எழுதும் மாணவர்கள் பலர் கடைசி நேரத்தில் தரவுப் பகுப்பாய்வுக்கு வந்து நிற்பார்கள். கேழ்வரகு ரகங்களை ஒப்பிட்டவர், கிணற்று நீரில் ஃப்ளோரைடு அளந்தவர், தக்காளி விலையைத் தொகுத்தவர் என்று ஆள் மாறும். திரையில் இருக்கும் மென்பொருள் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆர். "இது ஏன் இப்படிச் செய்கிறது?" என்று அவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு, அது வளர்ந்த கதையில்தான் விடை இருக்கிறது. அதனால் அந்தக் கேள்விகளையும் கதையையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

ஆர் என்பது மென்பொருளா, கணினி மொழியா?

இரண்டும்தான். புள்ளியியல் கணக்குக்கும் வரைபடத்துக்கும் என்றே உருவான ஒரு மொழி, அதை இயக்கும் மென்பொருளோடு சேர்ந்து வருகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் இதை எழுத ஆரம்பித்தார்கள். இருவர் பெயரின் முதல் எழுத்தும் ஆர். அதற்கு முன்பிருந்த மொழியின் பெயர் எஸ் என்பதால், ஓரெழுத்துப் பெயர் வைத்ததில் கொஞ்சம் குறும்பும் உண்டு.

அப்படியானால் எஸ் யாருடையது? அதிலிருந்தா தொடங்க வேண்டும்?

ஆம், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இன்று ஆரில் நம்மைக் குழப்பும் பழக்கங்கள் பல எஸ் காலத்தில் வந்தவை.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருந்த பெல் ஆய்வகத்தில் 1976-இல் எஸ் உருவானது. ஜான் சேம்பர்ஸ், ரிக் பெக்கர், ஆலன் வில்க்ஸ் ஆகியோர் அதன் முக்கியமான ஆட்கள். அதற்கு முன்பும் அங்கே நல்ல புள்ளியியல் நிரல்கள் இருந்தன, ஆனால் எல்லாம் ஃபோர்ட்ரான் மொழியில் இருந்தன. ஒரு சின்ன வரைபடம் வேண்டுமென்றாலும் ஃபோர்ட்ரானில் ஒரு நிரல் எழுதி, ஓட்டி, விடைக்குக் காத்திருக்க வேண்டும். தரவை முதலில் பார்த்து, சந்தேகப்பட்டு, வேறு கோணத்தில் மறுபடி பார்க்கும் வேலைக்கு அது ஒத்துவரவில்லை. பெட்டி வரைபடத்தைப் பரவலாக்கிய ஜான் டூகி அந்த ஆய்வகத்தில்தான் இருந்தார், "முதலில் தரவைப் பார்" என்பது அங்கே ஊறிப்போன எண்ணம். ஒரு வரி தட்டினால் உடனே விடை வர வேண்டும், கனமான கணக்கைப் பின்னால் ஃபோர்ட்ரான் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் எஸ்ஸின் அடிப்படைத் திட்டம். ஆரில் நாம் இன்றும் ஒரு வரி தட்டி ஒரு விடை பார்க்கிறோம் இல்லையா, அது 1976-இல் எடுத்த முடிவு. ஆரின் மூலநிரலுக்குள் இன்றும் ஃபோர்ட்ரான் பகுதிகள் இருக்கின்றன.

அப்புறம் எஸ் யூனிக்ஸ் கணினிகளுக்கு மாறியது, வெளியாருக்கும் கிடைத்தது. 1988-இல் பெரிய அளவில் மாற்றி எழுதினார்கள். 1990-களின் தொடக்கத்தில் அட்டவணைத் தரவைக் கையாளும் டேட்டா ஃப்ரேம் வந்தது. 1998-இல் கணினித் துறையின் பெரிய சங்கமான ஏ.சி.எம். தன் மென்பொருள் விருதை எஸ்ஸுக்காக சேம்பர்ஸுக்கு வழங்கியது. எஸ்-பிளஸ் என்ற பெயரில் அது விலைக்கும் விற்றது, அந்த வணிக உரிமை கம்பெனி கம்பெனியாகக் கைமாறி 2008-இல் டிப்கோ என்ற கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது.

நியூசிலாந்துக்காரர்கள் ஏன் புதிதாக ஒன்றை எழுதினார்கள்?

அவர்களுடைய துறையின் பாட ஆய்வகத்தில் மெக்கின்டோஷ் கணினிகள் இருந்தன. அவற்றில் மாணவர்களுக்குச் சொல்லித்தர ஏற்ற புள்ளியியல் மென்பொருள் கிடைக்கவில்லை. சரி, நாமே எழுதுவோம் என்று இறங்கினார்கள். இகாகாவுக்கு ஸ்கீம் என்ற மொழியின் மீது ஈடுபாடு. அதனால் உள்ளே ஸ்கீம் பாணியில் ஒரு சின்ன இயக்கி, வெளியே எஸ் மாதிரியான எழுத்துமுறை என்று அமைத்தார்கள். எஸ் தெரிந்தவர்கள் உடனே பயன்படுத்தலாம், ஆனால் ஒரு ஃபங்ஷனுக்குள் உள்ள மாறிகளை எங்கே தேடுவது என்ற விஷயத்தில் ஆர் ஸ்கீமைப் பின்பற்றும்.

1993-இல் முதல் அறிவிப்பு வந்தது. அது அப்படியே ஒரு பல்கலைக்கழகத்தின் சொந்தப் பொம்மையாகவே நின்றிருக்கலாம். நிற்காமல் போனதற்குக் காரணம் சூரிக்கில் இருந்த மார்ட்டின் மெக்லர். மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள் என்று அவர்தான் இருவரையும் சம்மதிக்க வைத்தார். 1995 ஜூனில் ஜி.பி.எல். உரிமத்தில் ஆர் வெளிவந்தது. யாரும் இலவசமாக எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம், ஆனால் பகிரும்போது அதே உரிமையைப் பிறருக்கும் கொடுக்க வேண்டும். என் கணிப்பில் ஆரின் வரலாற்றிலேயே பெரிய நிகழ்வு இதுதான். தொழில்நுட்பத்தில் எஸ்-பிளஸ் அப்போது ஆரைவிட முன்னால் இருந்தது. இன்று அதன் பெயரை நம் மாணவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

கம்பெனி இல்லாமல் இலவசமாகக் கிடைப்பதை நம்பலாமா? வழிகாட்டி கேட்கிறார்.

கேட்க வேண்டிய கேள்விதான். 1997-இல் மையக்குழு ஒன்று அமைந்தது. ஆரின் அடிப்படை நிரலைத் திருத்தும் அனுமதி அந்தக் குழுவுக்கு மட்டுமே உண்டு. எஸ்ஸை உருவாக்கிய ஜான் சேம்பர்ஸே பிறகு இந்தக் குழுவில் சேர்ந்தார். அதே 1997-இல் கர்ட் ஹோர்னிக், ஃபிரெட்ரிக் லெய்ஷ் இருவரும் வியன்னாவில் கிரான் என்ற கிடங்கைத் தொடங்கினார்கள். ஆரும் அதற்கான பேக்கேஜ்களும் (கூடுதல் வேலைகளுக்கான நிரல் தொகுப்புகள்) அங்கிருந்துதான் நமக்கு இறங்குகின்றன. தொடங்கியபோது ஒரு டஜன் பேக்கேஜ், இப்போது 20,000-க்கும் மேல். 1.0.0 வெர்ஷன் வெளியானது 2000 பிப்ரவரி 29. நூற்றாண்டு ஆண்டுகளில் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டு என்பதால் அது அபூர்வமான தேதி. 2003-இல் ஆர் அறக்கட்டளை வந்தது, அதுவும் வியன்னாவில்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டை வழிகாட்டியிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஆரோடு சேர்ந்து வரும் அடிப்படைப் பகுதிகள் பல்லாண்டுகளாக உலகம் முழுக்கப் பலர் சோதித்தவை. கிரானில் உள்ள பேக்கேஜ்களோ யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்புபவை. ஒழுங்காக நிறுவ முடிகிறதா, விதிகளுக்கு உட்பட்டதா என்று கிரான் பார்க்கும். உள்ளே இருக்கும் புள்ளியியல் சரியா என்று உத்தரவாதம் தராது. பெயர் தெரியாத பேக்கேஜ் ஒன்றை எடுத்தால், பாடப்புத்தகத்தில் விடை தெரிந்த ஒரு கணக்கை முதலில் அதில் போட்டுப் பாருங்கள்.

அனோவா எழுதும்போது நடுவில் வரும் அலைக்குறி (~) எங்கிருந்து வந்தது? எனக்கு ரெப்ளிகேஷனுக்கு டி.எஃப். தப்பாக வருகிறதே?

இரண்டும் ஒரே கதை. (ரெப்ளிகேஷன் என்றால் சோதனையைத் திரும்பச் செய்த தொகுதி. டி.எஃப். என்றால் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், சுதந்திரமாக மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை.) வேளாண்மை மாணவர்களுக்கு இது சொந்தக் கதையும்கூட.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற வேளாண் ஆய்வு நிலையம் இருக்கிறது. ரொனால்ட் ஃபிஷர் 1919 முதல் 1933 வரை அங்கே வேலை பார்த்தார். வயலைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் ரகங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கும் திட்டமும், அதன் விளைச்சலைப் பகுத்துப் பார்க்கும் அனோவா முறையும் அந்த வயல் வேலையில் வளர்ந்தவை. கிருஷ்ணகிரி அருகே பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மாணவர் ஆர்.பி.டி. (ரேண்டமைஸ்டு பிளாக் டிசைன்) போடும்போது செய்வது அதேதான். பல பத்தாண்டுகள் கழித்து அதே ரோதம்ஸ்டெட்டில் ஜென்ஸ்டாட் என்ற மென்பொருள் வளர்ந்தது. சோதனைத் திட்டத்தை ஒரே வரியில் எழுதும் குறியீட்டுமுறையை வில்கின்சன், ரோஜர்ஸ் இருவரும் 1973-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் எஸ் அந்தக் குறியீட்டை எடுத்துக்கொண்டு, நடுவில் அலைக்குறியைப் போட்டது. அதுவே ஆருக்கும் வந்தது.

விளைச்சல் ~ தொகுதி + ரகம்

"விளைச்சலில் காணும் வேறுபாட்டைத் தொகுதிக்கும் ரகத்துக்கும் பங்கிட்டுக் கொடு" என்று பொருள். இந்த வரி அனோவாவுக்கு மட்டும் உரியதல்ல. நேர்கோட்டுத் தொடர்புக்கும் இதே வரியை எஸ் பயன்படுத்தியது. வலது பக்கம் இருப்பது எண்ணா, வகையா என்று பார்த்து அதற்கேற்பக் கணக்குப் போடும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ரெப்ளிகேஷன் நெடுவரிசையில் நாம் 1, 2, 3 என்று எழுதி வைத்திருப்போம். நமக்கு அவை மூன்று தொகுதிகளின் பெயர். ஆருக்கு அவை எண்கள். தொகுதி 1-இலிருந்து 3-க்குப் போகப் போக விளைச்சல் ஒரு நேர்கோட்டில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, டி.எஃப். 1 என்று அச்சடிக்கும். ஆறு ரகம், மூன்று ரெப்ளிகேஷன் என்றால் சரியான டி.எஃப். தொகுதிக்கு 2, ரகத்துக்கு 5, பிழைக்கு 10. தொகுதிக்கு 1, பிழைக்கு 11 என்று வந்தால் எஃப் மதிப்பும் அதன் கீழே வரும் எல்லாமும் தவறு. பிழைச்செய்தி எதுவும் வராது, அட்டவணை அழகாகத்தான் இருக்கும். ஃபேக்டர் என்ற கட்டளையால் அந்த நெடுவரிசையை வகையாக மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அனோவா அட்டவணை வந்ததும் முக்கியத்துவத்தைக் காட்டும் நட்சத்திரக் குறிகளைத் தேடாமல் முதலில் டி.எஃப். கட்டத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுக்கச் சமக்குறி இருக்க, ஏன் அம்புக்குறி?

எஸ்ஸிலிருந்து வந்தது. சமக்குறியும் பெரும்பாலான இடங்களில் வேலை செய்யும். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், கோப்பு முழுக்க ஒரே மாதிரி எழுதுங்கள்.

சீனியர் கொடுத்த கோடு (நிரல்), அதே தரவு. ஆனால் எனக்கு வேறு விடை வருகிறது. எப்படி?

என்னிடம் வரும் கேள்விகளில் அதிகம் இதுதான். பெரும்பாலும் வெர்ஷன் வேறாக இருக்கும். ஆர் பழைய கோடுகளை உடைக்காமல் இருக்க நிறையப் பாடுபடும், அதனால்தான் விநோதமான பழைய வழக்கங்கள் இத்தனை நீடிக்கின்றன. அதையும் மீறி மையக்குழு சில முடிவுகளை மாற்றியது. நம் ஆட்களைத் தாக்கியவை இரண்டு.

முதலாவது, 2019 ஏப்ரலில் வந்த 3.6.0. பென்னாகரம் ஒன்றியத்தில் எந்தக் கிராமங்களில் தண்ணீர் மாதிரி எடுப்பது என்று குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறீர்கள். மறுபடி ஓட்டினாலும் அதே ஊர்கள் வர வேண்டும் என்பதற்காகத் தொடக்கத்தில் ஒரு விதை எண்ணைக் கொடுக்கிறீர்கள். 3.5-இலும் 3.6-இலும் அதே விதை எண் வெவ்வேறு பட்டியலைத் தரும். பழைய முறையில், பட்டியல் மிகப் பெரிதாக இருக்கும்போது சில உறுப்பினர்களுக்கு மயிரிழை அளவு கூடுதல் வாய்ப்பு கிடைத்தது. அதைச் சரிசெய்யக் குலுக்கும் முறையையே மாற்றினார்கள். சில நூறு ஊர்களுக்கு அந்தச் சாய்வு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு, எந்தப் பட்டியலும் தவறில்லை. ஆனால் சீனியர் போன ஊர்களின் பட்டியலைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் பழைய குலுக்கல் முறையைக் கேட்டு வாங்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, 2020 ஏப்ரலில் வந்த 4.0.0. இதற்கு முன்பு, கோப்பைப் படிக்கும்போது எழுத்தாக இருக்கும் நெடுவரிசையை ஆர் தானாகவே ஃபேக்டராக, அதாவது வகையாக மாற்றிவிடும். எஸ் காலத்தில் தரவு என்றாலே புள்ளியியல் மாதிரி (மாடல்) கணக்குக்குப் போவதுதான் என்ற எண்ணத்தில் வந்த வழக்கம் அது. அதனால் என்ன கேடு? பாலக்கோடு சந்தையின் தக்காளி விலைப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 12, 15, 8 என்று போகிறது. ஒரு நாள் மட்டும் விலைக்குப் பதில் "வரத்து இல்லை" என்று யாரோ தட்டிவிட்டார். அந்த ஒரு கட்டத்தால் நெடுவரிசை முழுவதும் எழுத்தாகி, பிறகு வகையாகிவிடும். அதை எண்ணாக மாற்று என்று சொன்னால் பழைய ஆர் விலையைத் தராது, அகரவரிசையில் அந்த வகை எத்தனையாவது என்ற எண்ணைத் தரும். எழுத்தாக வரிசைப்படுத்தினால் 12 முதலில், 15 அடுத்து, 8 மூன்றாவது. ஆக 12 ரூபாய் 1 ஆகும், 8 ரூபாய் 3 ஆகும். மலிவான நாள் விலையேறிய நாளாக மாறிவிடும், ஓர் எச்சரிக்கைகூட வராது.

4.0.0-இலிருந்து எழுத்து எழுத்தாகவே இருக்கும். எண்ணாக மாற்றினால் "வரத்து இல்லை" கட்டம் மட்டும் வெறுமையாகி, எச்சரிக்கையும் வரும். பலர் பல ஆண்டுகளாகக் கேட்ட மாற்றம் இது. வந்தபோது அனோவாவும் வரைபடமும் எழுதிய பழைய கோடுகள் சில நின்றுபோயின. ஏனென்றால் அவை அந்தத் தானியங்கி மாற்றத்தை நம்பியே எழுதப்பட்டிருந்தன. சீனியரின் கோடு 2020-க்கு முந்தையது என்றால் முதலில் இந்த இடத்தைத்தான் பாருங்கள்.

ஊர்ப் பெயரைத் தமிழில் வைக்கலாமா? நண்பரின் கணினியில் கிறுக்கலாக வருகிறது.

லினக்ஸிலும் மேக்கிலும் இது பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. விண்டோஸில்தான் நெடுநாள் தொல்லை. "ஊத்தங்கரை" என்று கொடுத்தால், கோண அடைப்புக்குறிக்குள் ஒருங்குறி எண்களாக நீளும். தரவு கெட்டுப்போவதில்லை, திரையில் காட்டுவதில்தான் சிக்கல். ஆனாலும் சில செயல்களில் எழுத்து உண்மையாகவே சிதைந்ததும் உண்டு. 2022 ஏப்ரலில் வந்த 4.2.0, புதிய விண்டோஸ் 10-இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் எல்லா மொழி எழுத்துகளையும் கையாளும் யுடிஎஃப்-8 குறியீட்டு முறைக்கு மாறியது. அதிலிருந்து தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. தமிழ் மட்டுமல்ல, ஒரு பைட்டுக்குள் அடங்காத எழுத்துள்ள பல மொழிகளுக்கும் அன்றுதான் விடிந்தது.

கட்டங்களுக்குள் தமிழ் வையுங்கள், நெடுவரிசைத் தலைப்பை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கோடு எழுதும்போது விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்டும் வேலை மிச்சம்.

வெர்ஷன் தீர்க்காத ஒன்று இருக்கிறது. தருமபுரி என்றும் தர்மபுரி என்றும் எழுதுகிறோம். தேன்கனிக்கோட்டை ஒருவர் கையில் தென்கனிக்கோட்டை ஆகும். அள்ளி என்று முடியும் ஊர்களை இன்னொருவர் ஹள்ளி என்று எழுதுவார். ஆருக்கு இவை வேறு வேறு ஊர்கள். பகுப்பாய்வுக்கு முன்னால் ஊர்ப் பெயர்களை எண்ணிக்கையோடு பட்டியலிட்டுக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பழைய மாவட்டத் தரவில் 2004-இல் பெரிய சரிவு தெரிகிறது. மென்பொருள் தவறா?

இல்லை. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முன்னால் தருமபுரி என்ற பெயரில் உள்ள மாம்பழப் பரப்பில் கிருஷ்ணகிரியின் தோட்டங்களும் அடக்கம். நீண்ட காலத் தொடர் வேண்டுமென்றால் 2004-க்குப் பிந்தைய இரண்டு மாவட்டங்களையும் கூட்டுங்கள், அல்லது முடிந்தால் வட்டம், ஒன்றியம் அளவில் இறங்குங்கள். தருமபுரியே 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்ததுதான், அதற்கும் பின்னால் போகிறவர்கள் நினைவில் வைக்கவும்.

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டால் வேறு அனோவா வருகிறதே?

எல்லாத் தொகுதியிலும் எல்லா ரகமும் சமமாக இருந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். ஒரு பாத்தி ஆடு மேய்ந்து போய்விட்டது, தரவு குறைகிறது என்றால் வேறுபடும். ஆரின் அடிப்படை அனோவா, நீங்கள் எழுதிய வரிசையில் ஒவ்வொன்றாகப் பங்கு கொடுக்கும், இதை முதல் வகை என்பார்கள். எஸ்.பி.எஸ்.எஸ். வழக்கமாக மூன்றாம் வகையைத் தரும். எது பொருந்தும் என்பதை வழிகாட்டியோடு பேசி முடிவெடுத்து, எந்த வகை என்று ஆய்வேட்டில் எழுதுங்கள்.

பைதான் மொழி கற்றால் போதாதா?

போதும். பைதானின் பாண்டாஸ் தொகுப்பில் இருக்கும் டேட்டா ஃப்ரேம், எஸ்ஸிலும் ஆரிலும் இருந்து போன யோசனைதான். வயல் சோதனை, புள்ளியியல் மாதிரி என்றால் எனக்கு ஆர் கைக்கு வாகு.

அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் எந்த வெர்ஷன் போடலாம்?

விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்று முதலில் பாருங்கள். 32 பிட் என்றால் 4.1.3 தான் கடைசி, 4.2.0-இலிருந்து அந்த வகை விண்டோஸுக்கு ஆர் வருவதில்லை. 4.1.3-இல் ரெப்ளிகேஷன் அனோவாவும் தக்காளி விலையும் தாராளமாகப் பார்க்கலாம், தமிழ் எழுத்துதான் மேலே சொன்ன மாதிரி தகராறு செய்யும். 64 பிட் என்றால் புதியதையே போடுங்கள்.

ஒரு ஆய்வு நடுவில் இருக்கும்போது வெர்ஷனை மாற்றாதீர்கள். ஆய்வேட்டில் "ஆர் பயன்படுத்தினேன்" என்று மட்டும் எழுதினால் போதாது, வெர்ஷன் எண்ணும் பேக்கேஜ்களின் எண்ணும் வேண்டும். செஷன் இன்ஃபோ என்ற கட்டளை இரண்டையும் ஒரே பக்கத்தில் காட்டும். அதை அப்படியே பிரதி எடுத்துத் தரவுக் கோப்போடு சேர்த்து வைத்துவிடுங்கள். சைட்டேஷன் என்ற கட்டளை, ஆரை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்ற வரியைத் தானே எழுதிக் கொடுக்கும்.